கவுதாரி இல்லாத ஊரில் ஒரு கவுதாரி

அத்தியாயம் 4

"மத்தியானம் லாரி வருவதற்குள் கூவுகிறவன் யாரென்று காட்டு. காட்டாவிட்டால் இவன் லாரியில் ஏறுவான். துணைக்கு நீயும் ஏறுவாய்."

தோட்டத்தை நடத்தும் சப்பான்காரன் ஒகாவா துரை, தூணில் கட்டியிருந்தவனைச் சுட்டிக்காட்டி, இதைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில் மரியாதைச் சொற்கள் கிடையாது. பரஞ்சோதி இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்து நிமிர்ந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் சுங்கை பட்டாணி போலீசில் மப்டி உடுப்புத் துப்பறிவாளர் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர். சப்பான்காரன் வந்த பிறகு திகாம் பத்துச் சந்தியில் மரவள்ளி வடை சுட்டு விற்கிறார். குனிகிற பழக்கம் அடுப்படியில் வந்ததுதான்.

"அண்ணே, நீங்க இன்னும் கொஞ்சம் குனிஞ்சா அவரு காலுல கெடக்குற பூட்ஸுக்கு முத்தம் குடுத்துருவீங்க" என்றான் பக்கிரிசாமி, உதடு அசையாமல். நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனியும் போய், வேஷமும் போய், வாய் மட்டும் மிச்சம் இருந்தது. பரஞ்சோதிக்கு வடை மாவு பிசைகிறவனும் அவன்தான், துப்பறியும் உதவியாளனும் அவன்தான். இரண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் வடை.

ஆனால் இன்று அவன் சிரிப்பு கண்வரை எட்டவில்லை. ஸ்டோர் தூணில் கட்டிவைத்திருந்த முனியாண்டி அவனுடைய அக்காள் புருஷன். முகம் வீங்கி, உதடு கிழிந்து, தலை தொங்கிக் கிடந்தான். வெளியே அக்காள் மருதம்மாள் தரையில் உட்கார்ந்து, அழவும் பயந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். சுங்கை லாலாங் பக்கம் இருந்த மூங்கில் பாலத் தோட்டத்தில் சித்திரை மாதத்திலிருந்து சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் பிடிக்க லாரி வந்துகொண்டிருந்தது. முதல் லாரியில் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை; உயிரோடு இருக்கிறார்கள் என்ற பேச்சுமில்லை. அதற்கப்புறம் ஒரு வேடிக்கை. லாரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கிருந்தோ ஒரு பறவை கூவும். லாரி வந்து நிற்கும்போது லயத்து வீடுகளில் பொம்பளைகளும் பிள்ளைகளும் நடக்க மாட்டாத கிழங்களும்தான் இருப்பார்கள். ஆம்பளைகள் அத்தனை பேரும் பெலுக்கார்ப் புதர்க்காட்டுக்குள் மாயம்.

"முனீஸ்வரர் கூப்பிட்டுச் சொல்றாரு" என்றது தோட்டம். கோயில் வேல் முன்னால் சுருட்டும் வெற்றிலையும் குவிந்தன. சாமி எப்படிப் பறவைக் குரலில் பேசும் என்று யாரும் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றுகிற சாமியிடம் யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

ஒகாவா கேட்டான். முனீஸ்வரருக்கு விலங்கு மாட்ட முடியாது என்பதால் மனுஷனைத் தேடினான். முந்தாநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, "பறவை மாதிரி கூவத் தெரிந்தவன் யார்?" என்று கேட்டான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். முனியாண்டி ஒரு படி மேலே போய்க் கையைத் தூக்கினான். சப்பான் ராஜாவின் திருநாளுக்கு ஆட்டம் பாட்டம் வைத்து, ஆடியவர்களுக்கு அரிசி கொடுத்தது அவன் ஞாபகத்தில் இருந்தது. இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டான். காடை, கவுதாரி, புறா என்று வரிசையாகக் கூவியும் காட்டினான். அரிசிக்குப் பதில் மூங்கில் கழி வந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இன்று விடியக்காலம், முனியாண்டி தூணில் கட்டுண்டு கிடக்கும்போதே, அதே கூவல் மறுபடி கேட்டது. லாரியும் வரவில்லை. ஒகாவா குழம்பிப்போனான். தப்பான ஆளைக் கெம்பித்தாய் என்ற ராணுவப் போலீசுக்குக் கொடுத்து, அடுத்த லாரியும் காலியாகப் போனால், தூணில் தன்னையே கட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் வடைக்கடையிலிருந்து பரஞ்சோதியை இழுத்து வந்தார்கள். கெம்பித்தாய் கேட்டது ஓர் ஆள். அது முனியாண்டியாக இருந்தாலும் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

ஒகாவா வெளியே போனதும் பரஞ்சோதி முனியாண்டியின் முன்னால் குந்தினார்.

"தம்பி, காலையில கேட்டது என்ன சத்தம்?"

"கவுதாரிங்க. சுத்தமான கவுதாரி. எங்க ராம்நாட்டுப் பக்கம் கம்மங்கொல்லையில கத்துமே, அதேதான்."

"இந்த ஊருல கவுதாரி பாத்திருக்கியா?"

"கப்பல விட்டு எறங்கின நாள்லேருந்து ஒண்ணக்கூடப் பாத்ததில்லைங்க. அது கரிசக்காட்டுப் பறவை. இந்த மழைக்குச் செத்துப்போகும்."

பரஞ்சோதி எழுந்து மீசையைத் தடவினார். தடவுகிற அளவுக்கு மீசை இல்லை; பழக்கம். "பக்கிரி, கவனிச்சியா? இந்த ஊர்லயே இல்லாத பறவை கூவுது. அப்படின்னா கூவறது மனுஷன். அதுவும் கவுதாரி கத்துற சீமையில பொறந்த மனுஷன். இங்க பொறந்த பிள்ளைங்களுக்கு அது எப்படிக் கத்தும்னே தெரியாது."

"பிரமாதம்ண்ணே. தோட்டத்துல பாதிப் பேரு அந்தச் சீமைதான். எல்லாரையும் லாரியில ஏத்திடலாம். சப்பான்காரனுக்கும் அதானே வேணும்?"

பரஞ்சோதி முறைத்தார். பதில் சொல்ல வாயெடுக்கும்போதே அது கேட்டது.

கத்தீத்தர், கத்தீத்தர், கத்தீத்தர்!

மேட்டுப் பக்கமிருந்து கணீரென்று வந்தது. மரவள்ளிக் காட்டில் மண் கொத்திக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கங்காணி எல்லாருக்கும் முன்னால் ஓடினார். கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு ஆபீஸ் வாசலுக்கு ஓடிவந்து, வேட்டி தடுக்கி, தூணைப் பிடித்து நின்றார். யாழ்ப்பாணத்து மனுஷர். சயாமுக்குப் பெயர் எழுதுகிறவர் அவர்தான் என்பதால் அவர் பெயரைச் சொல்லித் தோட்டத்துப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, திரும்பவும் துவங்கிட்டுது!" என்றார் கிராணி. "துரை என்னையெல்லோ கொல்லப் போறார்!"

பரஞ்சோதி கையை உயர்த்தி அடக்கினார். கூவல் அதோடு நிற்கவில்லை. கவுதாரிக்குப் பின்னால் ஒரு கோழி, கழுத்தைப் பிடித்தால் கத்துமே, அந்த அலறல். அதற்குப் பின்னால் அணில் ஒன்று வாலை ஆட்டி ஆட்டிக் கத்துகிற சத்தம். மூன்றும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மூச்சில்.

பரஞ்சோதி சத்தமாகச் சிரித்துவிட்டார். "ஒரு மனுஷன் லாரி வருதுன்னு சொல்ல வந்தவன் அணில் மாதிரி எதுக்குடா கத்தணும்? இது அவன்தான். துடுப்புவால் கரிச்சான். நம்மூரு ரெட்டைவால் கரிச்சானுக்கு அண்ணன். ஊர்ப்பட்ட பறவைக் குரலையெல்லாம் திருடி வச்சிருப்பான். பருந்து மாதிரி கத்தி மத்ததுங்கள வெரட்டிட்டு, அதுங்க போட்டுட்டு ஓடுற பூச்சியைத் தின்பான்."

"நம்ம போலீசுக்கு ஏத்த பறவை" என்றான் பக்கிரிசாமி.

இருவரும் மேட்டைப் பார்த்து நடந்தார்கள். மரவள்ளிக் காட்டைத் தாண்டி, வெட்டாமல் விட்ட ரப்பர்ப் பால் மரங்களைத் தாண்டி, காடு தொடங்குகிற விளிம்புக்கு வந்தார்கள். ஒரு மங்குஸ்தான் மரத்தில் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது கரிச்சான். வாலிலிருந்து கம்பி மாதிரி இரண்டு இறகு நீண்டு, நுனியில் ஆளுக்கொரு துடுப்பு. இவர்களைக் கண்டதும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பார்த்துவிட்டு, கடமைக்கு ஒப்பிப்பதுபோல, கவுதாரி, கோழி, அணில் என்று அதே வரிசையில் அவிழ்த்துவிட்டது.

"சரிண்ணே, குத்தவாளி அகப்பட்டாச்சு. மச்சான அவுத்து விடச் சொல்லலாம், வாங்க."

"இருடா. இவன் ராம்நாட்டுக்குப் போயிட்டு வந்தானா? கவுதாரி இல்லாத ஊருல கவுதாரிக் குரல் இவனுக்கு எப்படி வந்துச்சு? ஒரு தடவை கேட்டுட்டு இவன் பாடமாட்டான். மாசக்கணக்கா கேட்டிருக்கணும். இவன் எடத்தை விட்டும் போகமாட்டான். இந்த மரம், அந்த மரம், அவ்வளவுதான் இவன் ராஜ்ஜியம். அப்ப அந்த மனுஷன் எங்க நின்னு கூவியிருக்கணும்?"

பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தான். மங்குஸ்தான் மரத்துக்கு நேர் கீழே ஒரு கிணற்றடி. கிணற்றடிக்கு அப்பால் கோழிக்கூடு. அதற்கப்பால் குசினிப் புகை. கிராணி கார்த்திகேசுவின் வீடு.

கிணற்றடியில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். கிராணியின் மனைவி சீதாலட்சுமி. தோட்டத்தில் யாரோடும் பேசமாட்டாள், தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர்.

"என்ன, ஆளில்லாத வளவெண்டு நினைச்சியளோ? கிணத்தடிக்கு வராதையுங்கோ."

"ஒரு பறவையைத் தேடி வந்தோம்மா."

"பறவை மரத்திலை இருக்கும். கிணத்துக்குள்ளை இராது" என்றாள். சீவலில் கத்தி நிற்கவில்லை.

பக்கிரிசாமி கோழிக்கூட்டை எட்டிப் பார்த்தான். "துரையோட கோழிங்களாம்மா?"

"துரையின்ரைதான். லொறியிலை ஆபீசர்மார் வந்தால் அடிச்சுச் சமைக்க வேணும். தீனி போடுறது நான், தின்னுறது அவையள்."

"பாவம், கோழிக்கும் சயாம்தான்" என்று முணுமுணுத்தான் பக்கிரிசாமி. பரஞ்சோதி அவனை இழுத்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவர் முகம் விளக்கேற்றினாற்போல் பிரகாசித்தது. மேதைகளுக்கு இது அடிக்கடி வருகிற வியாதி.

"பக்கிரி, லாரி வருதுன்னு டவுன்லேருந்து போன் வருது. அதை மொதல்ல எடுக்கறது யாரு? கிராணி. யாழ்ப்பாணத்துலயும் கவுதாரி உண்டு. சின்ன வயசுல கேட்டிருப்பாரு. கூவின எடம் அவர் வீட்டுக் கொல்லை. சத்தம் கேட்டதும் ஓடிவந்து எப்படி நடுங்கினாரு பாத்தியா? என்னா நடிப்பு! பகல்ல பேரு எழுதி, கொல்லையில வந்து கூவி, அந்தப் பேரையெல்லாம் அவரே காப்பாத்தறாரு."

பக்கிரிசாமி வாயடைத்து நின்றான். அது அவனுக்கு அடிக்கடி வராத வியாதி.

"அந்தாளா?" என்றான் கடைசியில். "எங்க பெரியம்மா மவன் பேர எழுதி அனுப்புனவன்ண்ணே அவன். முதல் லாரியில போனான். வரல." மேட்டுக்குக் கீழே ஸ்டோர் பக்கம் பார்த்தான். "நல்லதாப் போச்சு. அவனையே காட்டிக் குடுங்க. மச்சான் வீட்டுக்கு வந்துருவாரு. எங்க அக்கா அழுவறத நிறுத்தும்."

"குடுக்கலாம். நாளைக்கு லாரி வரும்போது யார் கூவுவா?"

பக்கிரிசாமி ஒரு கல்லை எடுத்து மரத்தை நோக்கி ஓங்கினான். எறியவில்லை. கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இந்தச் சப்பான்காரன் வந்து நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு கண்டுபிடிக்கக்கூட விடமாட்டேங்குறானே லா" என்றான். "சரி. அப்ப யாரக் குடுக்கறது?"

"மரத்துல உக்காந்திருக்கானே, அவனைத்தான். ஆனா ஒண்ணு. உங்க அக்காகிட்ட ரகசியமா சொல்லு: கூவலுக்குப் பின்னாடி அணில் கத்தினா அது கரிச்சான், வேலையப் பாக்கலாம். அணில் கத்தலைன்னா அது மனுஷன், கெளம்பணும்."

"அக்காகிட்ட ரகசியம்னு சொன்னா போதும்ண்ணே. சோறு கொதிக்கறதுக்குள்ள தோட்டம் முழுக்கப் போயிரும்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

ஒகாவா துப்பாக்கியோடும் கிராணியோடும் மேட்டுக்கு வந்தபோது, கரிச்சானுக்கு மௌனவிரதம். அதுவரை மூச்சுவிடாமல் ஒப்பித்த பயல், பெரிய மனுஷர்கள் முன்னால் அலகைத் திறக்க மறுத்தான். ஒகாவா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அது தோக்கியோ நேரம். கெடாவில் சூரியன் இன்னும் உச்சிக்கு ஏறவில்லை. தோக்கியோவில் மத்தியானம் முடிந்து, பரஞ்சோதியின் ஆயுளும் முடிகிற நேரம்.

"முனியாண்டியைக் கூட்டி வாருங்கள்" என்றார் பரஞ்சோதி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்தன் கூவினால் இவன் எதிர்ப்பாட்டுப் பாடுவான்."

முனியாண்டியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கிழிந்த உதட்டை நனைத்துக் குவித்தான். முதல் தடவை வெறும் காற்று வந்தது. இரண்டாம் தடவை ரத்தம் வந்தது. வேலிக்கு அப்பால் நின்ற மருதம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை அவன் வயிற்றிலிருந்து இழுத்துக் கூவினான்: கத்தீத்தர், கத்தீத்தர்!

கரிச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் எல்லையில் எவன்டா என்று சிறகை உதறி, கவுதாரியைக் கவுதாரியே வெட்கப்படும்படி கூவி, கோழியைக் கதறவிட்டு, அணிலையும் அவிழ்த்துவிட்டது. ஒகாவாவின் வாய் பிளந்தது.

"புருங்!" என்றான். "பறவை! வெறும் பறவை!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் துப்பாக்கியைத் தூக்கி மரத்தைக் குறி பார்த்தான்.

"துரை, சுட்டால் உங்களுக்குத்தான் நட்டம்" என்றார் பரஞ்சோதி அவசரமாக. "இது பறவை என்று இப்போது தெரிந்துவிட்டது. பெரட்டில் சொல்லிவிட்டால் இனி ஒருவனும் ஓடமாட்டான். இதைச் சுட்டுவிட்டால், நாளைக்கு வேறொரு கரிச்சான் வந்து கூவும். அப்போது சனங்கள் என்ன சொல்லும்? பறவை செத்துப்போச்சு, இது சாமிதான் என்று சொல்லும். மறுபடி ஓடும்."

ஒகாவா யோசித்தான். யோசிப்பது அவனுக்குச் சிரமமான வேலை என்பது நெற்றியில் தெரிந்தது. துப்பாக்கி மெல்லக் கீழே இறங்கியது. முனியாண்டியை அவிழ்த்துவிடச் சொன்னான். பறவைக்குப் பயந்து ஓடுகிறவனுக்குக் கழியால் பூசை என்று தோட்டம் முழுக்கச் சொல்லும்படி கிராணிக்கு உத்தரவு போட்டான். மருதம்மாள் புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

பரஞ்சோதி கிராணியின் பக்கத்தில் போய்க் கண்ணைச் சிமிட்டினார். "ஐயா, உங்க ரகசியம் எங்கிட்ட பத்திரம்."

"என்ன ரகசியம்?" என்றார் கார்த்திகேசு. ஓரடி பின்வாங்கினார். "நீர் என்ன கதைக்கிறீர்? எனக்கொண்டும் விளங்கேல்லை."

"அடடா, அடடா!" என்று பரஞ்சோதி பக்கிரிசாமியின் காதில் சொன்னார். "உங்க கம்பெனி ராஜபார்ட்டெல்லாம் இவர்கிட்ட பிச்சை வாங்கணும்."

ஆபீசுக்குத் திரும்பி வந்து வாய் மூடவில்லை, போன் அடித்தது. கிராணி எடுத்துக் கேட்டு, வெளுத்த முகத்தோடு வைத்தார். கெம்பித்தாய் ஆபீசர் புறப்பட்டுவிட்டார். கைதிக்காக மட்டுமில்லை. கூடவே பெரிய லாரியும் வருகிறது. லாரி நிறைய ஆள் வேண்டும்.

ஒகாவா உற்சாகமாகிவிட்டான். இன்றைக்கு ஒருவனும் ஓடமாட்டான். அவன்தான் பறவையைக் கண்டுபிடித்துவிட்டானே! சமையலுக்குச் சொல்லி கிராணி வீட்டுக்கு ஆள் அனுப்பினான். பிறகு வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "யாரும் இங்கிருந்து அசையக்கூடாது" என்று கிராணியை ஒரு பக்கமும் பரஞ்சோதியையும் பக்கிரிசாமியையும் மறுபக்கமும் நிறுத்திவைத்தான்.

பரஞ்சோதி மேட்டுப் பக்கம் பார்த்தார். கிராணி இங்கே நிற்கிறார். கொல்லையில் போய்க் கூவ ஆளில்லை. கீழே மரவள்ளிக் காட்டில் நூறு பேர் திரும்பி வந்து, பறவையாவது சாமியாவது என்று நிம்மதியாக மண் கொத்திக்கொண்டிருக்கிறார்கள். ஓடாமல் நில்லுங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வைத்ததே பரஞ்சோதிதான். முனியாண்டி வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் அவனையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது வேறு யாருமில்லை, திகாம் பத்துப் பேர்போன துப்பறிவாளர்.

"அண்ணே" என்றான் பக்கிரிசாமி. குரலில் பபூன் இல்லை. "ஏதாச்சும் பண்ணுங்கண்ணே. எங்க மச்சானால ஓடக்கூட முடியாது. இப்பவே சொன்னாத்தான் தூக்கிட்டாவது போவாங்க."

தூரத்தில் லாரியின் உறுமல் கேட்கத் தொடங்கியது.

கத்தீத்தர், கத்தீத்தர், கத்தீத்தர்!

மேட்டுப் பக்கம். ஒகாவா சுகமாகச் சாய்ந்துகொண்டு, "புருங்" என்று புன்னகை செய்தான். பரஞ்சோதி சட்டென்று கிராணியைப் பார்த்தார். கார்த்திகேசு கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணிலும் சலிப்புத்தான் இருந்தது. "இந்தச் சனியனைச் சுட்டிருக்கலாம்" என்றார் மனதாரவே.

அடுத்தாற்போல் ஒரு கோழி அலறியது. நிஜக் கோழி, அலறல் பாதியில் அறுந்தது. அதற்குப் பின்னால் அணில் கத்தவில்லை.

பரஞ்சோதி விரல் விட்டு எண்ணினார். கூவல், அப்புறம் கோழி. ஆபீசர் வருகிறான் என்று சமையலுக்குச் சொல்லி அனுப்பினால், குசினியில் முதலில் நடப்பது கூவல், அடுத்தது கோழி பிடிக்கிறது. அந்தக் கறுப்புத் திருடன் காலையிலிருந்து வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். கிராணியாவது, கோழி பிடிக்கிறதாவது! அவர் வாழ்நாளில் ஒரு முட்டையைக்கூட உடைத்திருக்கமாட்டார்.

கீழே மரவள்ளிக் காட்டில் ஒருவரும் ஓடவில்லை. ஒவ்வொருவராக மண்வெட்டியைச் சாத்திவைத்து, ஒதுங்கப் போகிறவர்கள் மாதிரி இடுப்பைச் சொரிந்துகொண்டு, பெலுக்காரை நோக்கி நடந்தார்கள். கங்காணி பல் குத்திக்கொண்டே போனார். லயத்துப் பின்புறம் மருதம்மாளும் இரண்டு ஆட்களும் ஒருவனைத் தாங்கிக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தார்கள். பக்கிரிசாமி அதைப் பார்த்துவிட்டு மூச்சை விட்டான்.

லாரி வந்தது. ஆபீசர் லயத்தைச் சுற்றிப் பார்த்தான். கிழவர்கள் இருவர் எழுந்து நின்று அழகாகக் குனிந்தார்கள். ஆபீசர் திரும்பி வந்து ஒகாவாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். ஒகாவா விறைப்பாக நின்று, பறவை, பறவை என்று ஏதோ விளக்கினான். அந்த நேரம் பார்த்து நிஜக் கரிச்சானும் கூவி, கோழியாகி, அணிலாகி முடித்தது. ஆபீசர் மரத்தைப் பார்த்தான், ஒகாவாவைப் பார்த்தான். ஒரு பறவையிடம் தோற்றதற்காக மறுகன்னத்திலும் ஒன்று கொடுத்தான். பிறகு அவன் பார்வை பக்கிரிசாமியின் திரண்ட கைகளில் போய் நின்றது. பக்கிரிசாமி அந்த நிமிஷமே ஒரு காலை இழுத்து, வாயைக் கோணி, எச்சில் ஒழுகவிட்டான். கம்பெனியில் அவன் ஆயிரம் தடவை கைதட்டு வாங்கிய வேஷம். ஆபீசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடப் போனான். கோழிக் கறியை எலும்புவரை தின்றுவிட்டு, காலி லாரியோடு போய்ச் சேர்ந்தான்.

கிராணி ஆபீசில் ஒகாவாவின் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பரஞ்சோதியும் பக்கிரிசாமியும் கிணற்றடிக்குப் போனார்கள். சீதாலட்சுமி கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கிராணி ஐயாவுக்குத் தெரியுமாம்மா?" என்றார் பரஞ்சோதி மெதுவாக.

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "தெரிஞ்சால் பயத்திலை தானே போய்ச் சொல்லிப்போடுவார். பேர் எழுதின அண்டைக்கு அந்த மனுசன் சோறு தின்னமாட்டார். எழுதாட்டில் அவரை ஏத்துவாங்கள். எழுதட்டும். ஆர் எழுதினாலும் லொறியிலை ஏற ஆள் வேணுமெல்லோ?"

"அடுத்த தடவை ஜாக்கிரதையா கூவுங்கம்மா. கரிச்சான் அணிலையும் சேர்த்துக் கத்துது. நீங்க கவுதாரியோட நிறுத்திடறீங்க. காது உள்ளவன் எவனாவது வந்தா கண்டுபிடிச்சிடுவான். அணிலையும் சேத்துக்கிட்டா நல்லது."

"அணிலைச் சேர்த்தால் சனம் ஓடாது. நீங்கள்தானே மருதம்மாளிட்டை அப்பிடிச் சொல்லிவிட்டனீங்கள்? கிணத்தடிக்கு வந்து எனக்கும் சொன்னவள்."

பக்கிரிசாமிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் சரிம்மா. எங்க மச்சான கட்டிவச்சு அடிச்சாங்களே, இங்கேருந்து கேட்டிருக்குமே. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

தேய்த்த கை நின்றது. சீதாலட்சுமி குனிந்தபடியே இருந்தாள். கண்ணீர் சட்டிக்குள் விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

"கேட்டுது. ஒவ்வொரு அடியும் கேட்டுது" என்றாள். "இண்டைக்கு விடியக் காலமை லொறியும் இல்லை, ஒண்டும் இல்லை. சும்மா கூவினனான். கட்டிவைச்ச மனுசன் எப்பிடிக் கூவும், இது அவன் இல்லை எண்டு அந்தச் சப்பான்காரன்ரை மண்டையிலை ஏறட்டும் எண்டுதான். ஏறினதுதான். முனியாண்டியை அவிட்டு விடுவான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து பரஞ்சோதியைப் பார்த்தாள்.

"அவன் போய் உங்களையெல்லோ கூட்டிக்கொண்டு வந்தவன்."

பரஞ்சோதி இல்லாத மீசையைத் தடவினார். பக்கிரிசாமி அழுதுகொண்டே சிரித்தான். பிறகு அவள் முன்னால் குனிந்தான். அன்று காலை பரஞ்சோதி ஒகாவாவுக்குக் குனிந்த குனிவில்லை அது. நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காளையும் மச்சானையும் தேடிப் பெலுக்காருக்குள் போனான்.